பேல் ஏலில் துவர்ப்பு: கோளாறு தண்ணீரில்

நான் வீட்டில் பீர் காய்ச்சுபவன். ஸ்டௌட் என்னும் கறுப்பு பீரைக் காய்ச்சினால் அருமையாக வரும். அதே தண்ணீரில் பேல் ஏல் என்னும் வெளிர் பீரைக் காய்ச்சினால் நாக்கில் ஒரு துவர்ப்பு ஒட்டிக்கொள்ளும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் முரட்டுத்தனமாக இருக்கும். ஹாப்ஸை மாற்றினேன், ஈஸ்ட்டை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன்.

அறிக்கையில் கண்ணை உறுத்தியது காரத்தன்மை: கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 210 மில்லிகிராம். தண்ணீரிலுள்ள கால்சியம் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாஸ்பேட்டோடு சேரும்போது மேஷின், அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த கலவையின், பிஎச் (அமில-கார அளவு) இறங்கும். காரத்தன்மைக்குக் காரணமான பைகார்பனேட் அதை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். கருக வறுத்த மால்ட்டில் அமிலம் அதிகம், அதனால் ஸ்டௌட் தப்பித்தது. டப்ளினில் கறுப்பு பீரும், மென்மையான தண்ணீர் கிடைக்கும் பில்சனில் வெளிர் லாகரும் வேரூன்றியதில் இதற்கும் பங்கு உண்டு.

பலரும் எடுத்தவுடன் கசப்பையும் மால்ட் சுவையையும் மாற்றும் சல்பேட், குளோரைடு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். காரத்தன்மையைக் குறைக்காமல் அதைப் பேசிப் பயனில்லை என்பது என் கட்சி. தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டாலும் பைகார்பனேட் குறையும். ஆனால் கூடவே கால்சியமும் அடியில் படிந்துவிடும், எரிவாயுவும் வீண். நான் பாதிக்குப் பாதி, உப்புகள் வடிகட்டப்பட்ட ஆர்ஓ தண்ணீர் கலந்தேன். குளோரின் போக 20 லிட்டருக்குக் காம்ப்டன் மாத்திரையில் (குளோரினை நீக்கும் சல்பைட் மாத்திரை) கால் பங்கு போதும்.

அப்புறம்தான் உப்புகள். 20 லிட்டருக்கு ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) 4 கிராம், கால்சியம் குளோரைடு 2 கிராம். இரண்டும் சேர்ந்து கால்சியத்தை 74 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) உயர்த்தின. சல்பேட் 112, குளோரைடு 48 கூடியது. சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. நகை நிறுக்கும் சின்னத் தராசு வேண்டும். கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டப்பாவைத் திறந்து வைத்தால் நிறுப்பதில் பாதி தண்ணீர்தான்.

மால்ட்டைக் கொட்டிக் கலக்கி, கால் மணி நேரம் கழித்து ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஆறவைத்தேன். சூடாக அளந்தால் அளவு 0.2, 0.3 குறைவாகக் காட்டும், மீட்டரின் முனையும் சீக்கிரம் கெடும். மீட்டரை முன்கூட்டியே பிஎச் 4, 7 கரைசல்களில் சரிபார்த்திருந்தேன். 5.7 காட்டியது, எனக்கு வேண்டியது 5.4. 88 சதவீத லாக்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, மறுபடி ஆறவைத்து அளந்து... பொறுமையைச் சோதிக்கும் வேலை. 4.5 கிலோ மால்ட்டுக்கு ஏறக்குறைய 5 மில்லி போனபோது 5.4-இல் நின்றது.

ஸ்பார்ஜ் தண்ணீரை, அதாவது மால்ட்டில் மிஞ்சிய சர்க்கரையைக் கழுவி எடுக்க ஊற்றும் வெந்நீரை, விட்டுவிடக் கூடாது. மால்ட்டைக் கழுவக் கழுவ பிஎச் மேலே ஏறும். 6-ஐத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு தரும் டானின் இறங்கும். எனக்கு வந்த துவர்ப்பில் பெரும்பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் தண்ணீரிலும் கொஞ்சம் லாக்டிக் அமிலம் விட்டு 5.6-க்குக் கொண்டுவந்தேன்.

பீர் சுத்தமாக வந்தது. கசப்பு இருந்தது, ஆனால் தொண்டையைப் பிடிக்கவில்லை. அடுத்த முறை ஜிப்சத்தைக் குறைத்து கால்சியம் குளோரைடைக் கூட்டினேன். மால்ட் சுவை முன்னுக்கு வந்து வாய் நிறைய நின்றது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, ஹாப்ஸ் பிரியர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி.