முதலீட்டுச் சொத்துக்கு வழக்கறிஞர்

முதலீட்டுக்காக நிலமோ வீடோ வாங்குபவர்கள், விற்பவரோ தரகரோ கைகாட்டும் வழக்கறிஞரையே அமர்த்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கிரயம் முடிந்தால்தான் தரகருக்குத் தரகுத்தொகை என்னும்போது, அவர் மூலம் தொடர்ந்து வேலை பெறும் ஒருவர் ‘இதை வாங்காதீர்கள்’ என்று சொல்லத் தயங்கக்கூடும். நீதிமன்றத்தில் வாதாடிப் பெயரெடுத்தவர் என்பதும் இதற்குப் போதாது. மூலப் பத்திரம் தொடங்கி ஒவ்வொரு கைமாற்றத்தையும் வரிசையாகப் படித்து, பாகப்பிரிவினையில் கையெழுத்திடாத வாரிசு உண்டா, மைனரின் பங்கு இருந்ததா, தன் சார்பில் விற்க இன்னொருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் விற்பனை நாளன்று உயிருடன் இருந்தாரா என்றெல்லாம் துருவிக் கேட்பவரே உகந்தவர். (கொஞ்சம் எரிச்சலூட்டுபவராக இருந்தால் இன்னும் நல்லது.) ‘பத்திரமெல்லாம் சுத்தம்’ என்று வாய்வார்த்தையில் முடிப்பவரைவிட, எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார், எவை கிடைக்கவில்லை என்று குறிப்பிட்டு எழுத்தில் கருத்துரை தருபவரைத் தேர்ந்தெடுங்கள், விற்பவருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் செல்லுங்கள்.