பழைய ஜிசிசிக்குள் புதிய இன்ஸ்ட்ரக்ஷன்கள் சேர்த்த அனுபவம்

நாங்கள் வேலை செய்த ரிஸ்க்-ஃபைவ் வகை சிப்பில் இசட்பிபி நீட்டிப்பு, அதாவது பிட் கணக்குகளுக்கான கூடுதல் இன்ஸ்ட்ரக்ஷன்களின் தொகுப்பு, இருந்தது. சி கோடை சிப்பின் இன்ஸ்ட்ரக்ஷன்களாக மாற்றித்தர எங்கள் கையில் இருந்த கம்பைலர் ஜிசிசி 11. அது 2021 ஏப்ரலில் வந்தது. இசட்பிபி இறுதி வடிவம் பெற்றதோ அந்த ஆண்டின் கடைசியில். அதற்கான ஆதரவு ஜிசிசி 12-இல்தான் முறையாக வந்து சேர்ந்தது. 12-க்கு மாறிவிடலாமே என்று கேட்டால், ப்ராஜெக்ட் பாதியில் கம்பைலரை மாற்ற மாட்டோம் என்று பதில் வந்தது. சரி, தேவையானவற்றை மட்டும் 11-க்குள் நாமே எழுதிவிடலாம் என்று முடிவாயிற்று: இரண்டு எண்களில் சிறியதையும் பெரியதையும் எடுக்கும் மின், மேக்ஸ், குறியில்லா எண்களுக்கு அதையே செய்யும் மின்யு, மேக்ஸ்யு, அப்புறம் ஆண்ட், ஓஆர், எக்ஸாரோடு பிட்களைத் தலைகீழாக்கும் நாட்டையும் சேர்த்துச் செய்யும் ஆண்ட்என், ஓஆர்என், எக்ஸ்நார். கம்பைலருக்கு இசட்பிபி என்ற புதிய ஆப்ஷனைச் சொல்லிக்கொடுப்பது அலுப்பான வேலை, கடினமானதல்ல. உண்மையான வேலை, சிப்பின் இன்ஸ்ட்ரக்ஷன்களைக் கம்பைலருக்கு விவரிக்கும் மெஷின் டிஸ்கிரிப்ஷன் கோப்பில்தான்.

டாட் எம்டி என்று முடியும் கோப்பு அது. எடிட்டர் அதை மார்க்டவுன் என்று நினைத்துக்கொண்டு தாறுமாறாக நிறம் பூசும். முதலில் அதை அணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது லிஸ்ப் போல அடைப்புக்குறிகளாலான ஆர்டிஎல், ஜிசிசி உள்ளுக்குள் பயன்படுத்தும் இடைநிலை மொழி. ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கும் ஒரு பேட்டர்ன்: அதன் பெயர், என்ன கணக்குச் செய்கிறது என்ற ஆர்டிஎல் வடிவம், எப்போது செல்லும் என்ற நிபந்தனை, அசெம்பிளியில் என்ன அச்சிட வேண்டும் என்ற வரி. ஜிசிசியை பில்ட் செய்யும்போது ஜென்ரெகக், ஜென்எமிட் முதலான சின்னச் சின்ன புரோகிராம்கள் முதலில் ஓடி, இந்தக் கோப்பைப் படித்து சி கோடை உற்பத்தி செய்யும். அதையும் சேர்த்து கம்பைல் செய்தால்தான் கம்பைலர்.

புதிதாக வருபவரைத் திணறடிப்பது, எதைத் தேடினாலும் கிடைக்காது என்பதுதான். 64 பிட் ஆண்ட் செய்யும் பேட்டர்னுக்கு 'ஆண்ட்டிஐ3' என்று பெயர். உற்பத்தியான கோடில் அந்தப் பெயர் இருக்கும், ரிஸ்க்-ஃபைவ் எம்டி கோப்பில் கிரெப் கட்டளையால் தேடினால் ஒன்றும் வராது. ஏனென்றால் அங்கே எழுதியிருப்பது பல பேட்டர்ன்களை வார்க்கும் டெம்ப்ளேட். 'ஆண்ட்' இருக்க வேண்டிய இடத்தில், செயலுக்கேற்ற பெயரை நிரப்பும் ஆப்டேப் என்ற ஆட்ரிப்யூட், 'டிஐ' இருக்க வேண்டிய இடத்தில் மதிப்பின் அகலத்தைச் சொல்லும் மோட். ஆண்ட், ஐஓஆர் (அதாவது ஓஆர்), எக்ஸார் மூன்றையும் ஒரு கோட் இட்டரேட்டர் ஒவ்வொன்றாக வைத்துச் சுழற்றும். எஸ்ஐ, டிஐ என்ற 32, 64 பிட் மோட்களை ஒரு மோட் இட்டரேட்டர் சுழற்றும். மூன்று பெருக்கல் இரண்டு, ஆறு பேட்டர்ன்கள் ஒரே பத்தியிலிருந்து.

இதற்கு மருந்து பில்ட் டைரக்டரியில் ஒரு கட்டளை: மேக் எம்டிடம்ப். எல்லா இட்டரேட்டர்களையும் விரித்து ஒரே பெரிய கோப்பாகக் கொடுத்துவிடும். முதல் நாளே யாராவது இதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். டெம்ப்ளேட்டைப் படித்து மனசுக்குள் விரித்துப் பார்ப்பதைவிட, விரித்ததைப் பார்த்துவிட்டு டெம்ப்ளேட்டுக்குத் திரும்புவது நூறு மடங்கு சுலபம்.

மின், மேக்ஸ் குடும்பம் டெம்ப்ளேட்டுக்கென்றே பிறந்தது. ஆர்டிஎல்லில் எஸ்மின், எஸ்மேக்ஸ், யுமின், யுமேக்ஸ். அசெம்பிளியில் மின், மேக்ஸ், மின்யு, மேக்ஸ்யு. இரண்டு பக்கமும் பெயர் வேறு என்பதால் ஆட்ரிப்யூட்டும் இரண்டு வேண்டும்: ஒன்று பேட்டர்னின் பெயருக்கு, மற்றது அச்சிடும் வரிக்கு. மோடுக்கு 'எக்ஸ்' என்று ஏற்கெனவே ஒரு இட்டரேட்டர் இருந்தது. 32 பிட் சிப் என்றால் எஸ்ஐ, 64 பிட் என்றால் டிஐ என்று ரெஜிஸ்டர் அகலத்துக்கேற்ப ஒன்றை மட்டும் அனுமதிக்கும். எம்டிடம்ப்பில் பார்த்தால் எட்டு பேட்டர்ன்கள். டிஐ வகை ஒவ்வொன்றிலும் நாங்கள் எழுதிய இசட்பிபி நிபந்தனையோடு, நாங்கள் எழுதாத 64 பிட் நிபந்தனையும் தானாகவே சேர்ந்திருந்தது. எஸ்மின்டிஐ3 என்பது ஜிசிசிக்குத் தெரிந்த நிலையான பெயர் என்பதால், பெயர் சரியாக அமைந்ததுமே ஆப்டிமைசர் அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டது. கிளை தாண்டும் இரண்டு மூன்று வரிகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு மின். ஒரே கல்லில் நாலு மாங்காய்.

ஆண்ட்என் கதை வேறு. இதற்கு அந்தப் பதிப்பில் நிலையான பெயர் கிடையாது. கம்பைலர் முதலில் ஒரு நாட், பிறகு ஒரு ஆண்ட் என்று தனித்தனியாகத்தான் உருவாக்கும். கம்பைன் என்ற கட்டம் வந்து இரண்டையும் ஒட்டிப் பார்த்து, இப்படி ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் உண்டா என்று நம் பேட்டர்ன்களிடம் கேட்கும். அது கேட்கும் வடிவத்திலேயே நாம் எழுதி வைத்திருக்க வேண்டும். தலைகீழாக்கப்படும் மதிப்பு முதலில் வர வேண்டும் என்பது ஜிசிசியின் விதி. ஆனால் ரிஸ்க்-ஃபைவ் ஆண்ட்என் தலைகீழாக்குவது இரண்டாவது மூல ரெஜிஸ்டரை. ஆகவே அச்சிடும் வரியில் வரிசை 0, 2, 1 (0 என்பது விடை; 1, 2 பேட்டர்னில் வரும் மூல மதிப்புகள்). அதை 0, 1, 2 என்று எழுதினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, கணக்கு மட்டும் தப்பாக வரும். இந்த ஒரு வரிக்காகவே கியூஎம்யு என்ற எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று எழுதினோம்.

ஓஆர்என்னும் இதே டெம்ப்ளேட்டில் அடங்கும். ஆர்டிஎல்லில் 'ஐஓஆர்', அசெம்பிளியில் 'ஓஆர்' என்ற வித்தியாசத்தை இருக்கிற ஆட்ரிப்யூட்டே பார்த்துக்கொள்ளும்; பின்னால் ஒரு 'என்' ஒட்டினால் போதும். அப்படியே எக்ஸாரையும் இட்டரேட்டரில் போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். போட்டால் பில்ட் ஓடும், எம்டிடம்ப்பிலும் பேட்டர்ன் அழகாக இருக்கும். ஆனால் எக்ஸ்நார் மட்டும் ஒருபோதும் அசெம்பிளியில் எட்டிப் பார்க்காது. காரணம், கம்பைன் கட்டம் தான் முயன்றதையெல்லாம் எழுதிவைக்கும் டம்ப் கோப்பில் இருக்கிறது. 'டிரையிங்' என்று தொடங்கி, 'ஃபெயில்டு டு மேட்ச் திஸ் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று சொல்லி, அதன் கீழே தான் தேடிய வடிவத்தை அச்சிடும்:

(செட் (ரெஜ்:டிஐ) (நாட்:டிஐ (எக்ஸார்:டிஐ (ரெஜ்:டிஐ) (ரெஜ்:டிஐ))))

நாட் உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. எக்ஸாரும் நாட்டும் சேர்ந்தால் நாட்டை வெளியே தள்ளிவிடுவதுதான் ஜிசிசியின் வழக்கம். சி-யில் நீங்கள் எப்படி எழுதியிருந்தாலும் இந்த உருவத்துக்கே வரும். ஜிசிசி இன்டர்னல்ஸ் கையேட்டில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. எனவே ஆண்ட், ஐஓஆர் இரண்டுக்கு ஒரு டெம்ப்ளேட், எக்ஸ்நாருக்குத் தனிப் பேட்டர்ன். ஜிசிசி 12-இலும் இப்படித்தான் பிரித்து எழுதியிருக்கிறார்கள்.

ரிவ்யூவில் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே டெம்ப்ளேட்டுக்குள் கொண்டுவர வழியில்லையா என்று கேட்டார். இன்னும் இரண்டு ஆட்ரிப்யூட் சேர்த்தால் முடியும்தான். ஆனால் படிக்கிறவர் அப்புறம் ஆறு இடம் தேடி அலைய வேண்டும். மறுத்துவிட்டேன். எக்ஸ்நார் பேட்டர்னுக்கு மேலே, நாட் ஏன் வெளியே இருக்கிறது என்று இரண்டு வரி கமென்ட் மட்டும் எழுதிச் சேர்த்தோம்.