முக்கோணத்தை அமுக்கிப் பிடிக்கவும்

ஞாயிற்றுக்கிழமை காலை மேற்கு மாம்பலம் வீட்டுக்குப் போனேன். அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து போனைக் கட்டைவிரலால் குத்திக்கொண்டிருந்தார்.

"போன் கெட்டுப்போச்சும்மா. பின்னாடி போகவே மாட்டேங்குது."

போன் நன்றாகத்தான் இருந்தது. முட்டி வலிக்கு முடக்கத்தான் தோசை சுடலாம் என்று அரிசி அளவு தேடி, ஏதோ ஒரு சமையல் தளத்துக்குள் போயிருக்கிறார். அளவைப் பார்த்தாயிற்று, கூகுளுக்குத் திரும்ப வேண்டும். திரையின் அடியில் இருக்கும் முக்கோணத்தைத் தொட்டால் அதே பக்கம். மறுபடி தொட்டாலும் அதே பக்கம்தான், இந்த முறை "போவதற்கு முன் இதையும் பாருங்கள்" என்று முடி வளரும் எண்ணெய் விளம்பரத்தோடு. (அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயதிலும் முடி அப்படியே இருக்கிறது.)

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். புஷ்ஸ்டேட் என்று ஒரு வசதி 2010 வாக்கில் பிரவுசர்களுக்கு வந்தது. பக்கத்தை முழுக்க மறுபடி ஏற்றாமலே ஹிஸ்டரியில், அதாவது நாம் பார்த்துவந்த பக்கங்களின் பட்டியலில், ஒரு வரி சேர்க்கலாம். மெயில், மேப் மாதிரி விஷயங்களுக்கு அது இல்லாமல் முடியாது. இந்தத் தளங்களோ பக்கம் திறந்ததும் தன் முகவரியையே ஏழெட்டு தடவை ஹிஸ்டரிக்குள் திணித்துவிடும். நாம் பின்னால் போகிறோம் என்று நினைப்போம், நின்ற இடத்திலேயே படி இறங்கிக்கொண்டிருப்போம். குரோம் 2019-ல் இதற்கு ஒரு தடுப்பு வைத்தது: நாம் அந்தப் பக்கத்தில் எதையுமே தொடாமல் இருந்தால், திணித்த வரிகளை பேக் பட்டன் தாண்டிப் போய்விடும். அப்பா தொடாமல் இருப்பாரா? "குக்கீ சம்மதமா" என்று கேட்டதும் மரியாதையாக "சரி" அமுக்கியிருக்கிறார். அத்தோடு தடுப்பு போச்சு.

"இதெல்லாம் யாரும்மா உட்கார்ந்து எழுதறாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. பெருங்குடியில் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் இதே வேலையை நானே செய்திருக்கிறேன். பதினைந்து வரிகூட இருக்காது. வந்தவர்கள் உடனே போய்விடுகிறார்கள், ஏதாவது செய் என்று மார்க்கெட்டிங்கிலிருந்து கேட்டார்கள். டெஸ்டிங்கில் இருந்த பெண் அதை பக் என்று பதிவு செய்தாள். "கேட்டபடிதான் இருக்கிறது" என்று எழுதி மூடிவிட்டு, கேன்டீனுக்குப் பொங்கல் சாப்பிடப் போனேன். 1999-லேயே ஜேக்கப் நீல்சன் என்ற இணையப் பயன்பாட்டு நிபுணர் இணைய வடிவமைப்பின் புதுத் தவறுகள் என்று பத்தைப் பட்டியலிட்டபோது, முதலில் வைத்தது பேக் பட்டனைக் கெடுப்பதைத்தான். அதைப் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் எழுதினேன்.

சரி, அப்பாவின் போன். முக்கோணத்தைத் தொட்டு எடுக்காமல் அப்படியே அமுக்கிப் பிடித்தேன். பட்டியல் மேலே வந்தது. ஆறு வரியில் ஒரே முடக்கத்தான் தோசை, ஏழாவதாக கூகுள். நேராக அதைத் தொட்டதும் வெளியே வந்துவிட்டோம்.

"இவ்வளவுதானா? இன்னொரு தடவை காட்டு."

காட்டினேன். அப்புறம் அவரே இரண்டு முறை செய்து பார்த்தார். எழுந்து போய், நேற்றைய தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதினார்: "முக்கோணத்தை அமுக்கிப் பிடிக்கவும்." அதற்குக் கீழே, "இட்லி அரிசி 2 டம்ளர், கீரை 2 கைப்பிடி."