நகுலன்ல பாதி

டிசர்டேஷன், அதான் ஆய்வேட்டுக்கு, டாபிக் கொடுக்குற நேரம் வந்தாலே அந்தப் பிள்ள ஞாபகம் வந்துடுது. கன்யாகுமரி பக்கம் பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சிட்டு, பார்டர் தாண்டி இங்க திருவனந்தபுரத்துக்கு எம்ஏ இங்கிலீஷ் படிக்க வந்தவ.

"மிஸ், நான் நகுலன் எடுக்கட்டா?"ன்னு கேட்டா. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதுன கவிஞர் அவரு.

"எடு மக்ளே, ஆனா அவரோட இங்கிலீஷ் கவிதை மட்டும் பாரு. தமிழ அறிமுகத்துல ஒரு பக்கம் சொல்லிட்டு விட்டுடு."

"அப்போ அவரு தமிழ்ல எழுதுனதுல வர்ற சுசீலா, நவீனன் எல்லாம்?"

"நம்ம இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்லா மக்ளே."

கொஞ்சம் நின்னுட்டு, "அவரும் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்தானே மிஸ்"னா. எதிர்த்துப் பேசுற குரல் இல்ல, நெஜமாவே புரியாமத்தான் கேட்டா. நான் ஃபார்ம்ல கையெழுத்து போட்டுக் கொடுத்தேன், "சரி மிஸ்"னு வாங்கிட்டுப் போய்ட்டா.

எனக்கு காரணம் இல்லாம இல்ல. வைவாக்கு, அதான் வாய்மொழித் தேர்வுக்கு, வெளிய இருந்து வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மலையாளியா இருப்பாங்க, தமிழ் வாசிக்கத் தெரியாது, நகுலனப் பத்தி இங்கிலீஷ்ல வந்திருக்குற விமர்சனமும் கொஞ்சம்தான், தமிழ்க் கவிதைய இவளே மொழிபெயர்த்து வச்சா அது சரியான்னு யாரு பாக்குறது? மார்க் போனா போறது அவளுக்கு. வீட்டு நெலம எனக்குத் தெரியும், பிஎட் சேரணும், வேலைக்குப் போணும். இப்பவும் அதே ஃபார்ம் வந்தா அதேதான் சொல்லுவேனோ என்னமோ.

ஆனா அதே வருஷம் அதே மேஜைல இன்னொரு பையன் மலையாளக் கவிஞர் அய்யப்பப் பணிக்கர்னு எழுதிட்டு வந்தான், மலையாளக் கவிதைங்கள இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல வச்சு எழுதப் போறேன்னான், யாரும் ஒரு கேள்வி கேக்கல, நானும்தான். அங்கதான் எனக்கு இடறுது. பணிக்கரும் இங்கிலீஷ் பேராசிரியர்தான், கேரளா யூனிவர்சிட்டில இங்கிலீஷ் இன்ஸ்டிட்யூட் தலைமைல இருந்தவரு, 1960ல குருக்ஷேத்ரம்ங்கற கவிதைய வெளியிட்டு மலையாளக் கவிதையவே திருப்பி விட்டவரு. 1968ல அதே திருவனந்தபுரத்துல உக்காந்து நகுலன் ஒரு இலக்கியத் தொகுப்பு கொண்டு வந்தாரு, அதுக்கும் பேரு குருக்ஷேத்திரம். ஒரே ஊரு, ஒரே பாடம் நடத்துன ரெண்டு வாத்தியாருங்க. பணிக்கர் 2006ல போனாரு, நகுலன் 2007ல. பணிக்கருக்கு சாகித்ய அகாடமி, சரஸ்வதி சம்மான் எல்லாம் வந்துச்சு. நகுலனுக்கு அகாடமி வரவே இல்ல, அதே ஊர்த் தமிழ் எழுத்தாளருங்க நீல பத்மநாபனுக்கும் ஆ.மாதவனுக்கும் பின்னால வந்துச்சு. அது அப்படித்தான் நடக்கும்னு விட்டுடலாம். ஆனா எங்க மேஜைலயும் அப்படியே நடக்கணுமா?

நகுலன் கும்பகோணத்துல பொறந்து இங்க வந்தவரு. மார் இவானியோஸ் காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாரு, காலேஜ் ரெஜிஸ்டர்ல டி.கே.துரைசாமி, கவிதைல நகுலன், எஸ்.நாயர்னுகூட எழுதியிருக்காரு. கல்யாணம் பண்ணிக்கல. 1972ல அவரோட நினைவுப்பாதை நாவல் வந்துச்சு, அத வாசிச்சவங்களுக்குத் தெரியும், தமிழ் ஓடிட்டே இருக்கும்போது நடுவுல இங்கிலீஷ் வரும், படிச்ச புத்தகம் வரும், கிளாஸ்ல நடத்துறது எல்லாம் அந்த ஆளோட தலைக்குள்ள தமிழோட கலந்து கெடக்கும். அதுல இருந்து இங்கிலீஷ மட்டும் எடுன்னு சொன்னது நான். எந்த இடத்துல வெட்டுறதுன்னு அவகிட்ட சொல்லல, எனக்கே தெரியாது.

வைவா அன்னிக்கு வந்த எக்ஸ்டர்னல் மலையாளிதான், நான் நெனச்ச மாதிரியே. ஆனா அவரு புரட்டிப் பாத்துட்டு, "இத்தேஹம் தமிழில் வலிய கவியல்லே, அது எவிடே?"ன்னு கேட்டாரு, இவரு தமிழ்ல பெரிய கவிஞராச்சே, அது எங்கன்னு. பிள்ள என்னப் பாக்கல. "ஸ்கோப் அவ்வளவுதான் சார்"னு அவளே சொல்லி முடிச்சிட்டா. அவரு சிரிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போய்ட்டாரு, மார்க் நல்லாவே போட்டாரு.

அப்போ என் கணக்கு சரியா தப்பா? மார்க் வந்துச்சே. இன்னொரு எக்ஸ்டர்னலா இருந்தா தமிழ்ப் பக்கத்தப் பாத்ததும் இது இங்கிலீஷ் டிசர்டேஷனான்னு கேட்டிருப்பாங்க, அப்படிக் கேட்டு அழுதுட்டு வெளிய வந்த பிள்ளைங்களையும் பாத்திருக்கேன். இத நெனச்சா சமாதானமாகுது. அப்புறம் அவ என்னக் காட்டிக் கொடுக்காம பதில் சொன்னது ஞாபகம் வருது, சமாதானம் போயிடுது. முழுசா எழுத விட்டிருந்தா அந்த இங்கிலீஷ் பக்கத்தையே இன்னும் ஆழமா எழுதியிருப்பான்னு எனக்குத் தோணுது. அவ தமிழ் வாசிப்பு அப்படி, எங்க டிபார்ட்மென்ட்ல நான் உட்பட யாருக்கும் அந்த வாசிப்பு கெடயாது.

இந்த வருஷம் பாறசாலைல இருந்து வர்ற ஒரு பையன் நகுலன்னு எழுதிக் கொடுத்திருக்கான், தமிழ்க் கவிதையும் சேத்து, மொழிபெயர்ப்ப பின்னிணைப்பா வைக்கிறானாம். தமிழ் டிபார்ட்மென்ட் சார் ஒருத்தர கோ-கைடா, என்கூட சேந்து வழிகாட்டுறவரா, போட முடியுமான்னு ஆபீஸ்ல கேட்டிருக்கேன், ரூல் பாத்துட்டு சொல்றேன்னாங்க. முடியாதுன்னு வந்தா அவன்கிட்ட என்ன சொல்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல.