மூணாவது கேசட்

விடியோ கேசட் போட்டுப் பார்க்கும் டெக்கு ஒருவழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. படம் துள்ளாமல் நிற்கிறது, பாட்டு இழுக்காமல் வருகிறது. சின்ன வயதில் பார்த்த பாடாவதிப் படங்களைத் தேடிப்பிடித்து, விடியோ கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். இதுவரை என்ன நடந்தது, எது சரியாக வந்தது, எது பாக்கி என்பதை எழுதிவைக்கிறேன்.

போயும் போயும் பாடாவதிப் படம் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நல்ல படங்களைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. புனேயில் 1964-இலிருந்து அரசாங்கத்தின் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. பெரிய நடிகர்களின் பழைய படங்களை மெருகேற்றி மறுபடி தியேட்டரிலேயே விடுகிறார்கள். ஆனாலும், தமிழின் முதல் பேசும் படம் என்று சொல்லப்படும் 1931-ஆம் வருடத்துக் காளிதாஸின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அதற்கே அந்தக் கதி என்றால், ஒரு வாரம்கூட ஓடாத பாம்புப் படத்தையும் ஆடு பழிவாங்கும் படத்தையும் யார் பத்திரப்படுத்துவார்கள்? ஃபிலிம் சுருள் போனபிறகு இப்படிப்பட்ட படங்களுக்கு மிஞ்சியிருப்பது ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பரண்மேல் கிடக்கிற வாடகை கேசட்தான். எங்களைப் படம் பார்க்கிறவர்களாக ஆக்கியது அந்தக் கேசட்டுகள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே. புதுப்படம் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் முதலில் வரும். அதை ஏ சென்டர் என்பார்கள். பி, சி என்று இறங்கி, வரிசையின் கடைசியில் எங்கள் டூரிங் கொட்டகை. சாயங்காலம் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்வோம். தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவோம். ஒரே ஒரு மெஷின் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. 1905-இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். காவிரிக் கரையில் தொடங்கிய அந்த ஊர்சுற்றிச் சினிமாவின் கடைசிக் காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள்.

கொட்டகை படுத்த பிறகு டெக்கு வந்தது. அதுதான் எங்கள் காலம்.

கூத்தாநல்லூர்ப் பக்கம் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு வரும்போது டெக்கும் கையோடு வந்தது. அதை வாங்கி வாடகைக்கு விடும் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஏதாவது ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் தை அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும்போது தெருவில் சந்தா வசூலித்து டெக்கு எடுப்போம். டி.வி.யும் டெக்கும் தட்டுவண்டியில் வரும். கூடவே மூன்று கேசட். முதலாவது, அண்மையில் வெற்றிபெற்ற படம். இரண்டாவது, பெரியவர்களுக்காக ஒரு எம்.ஜி.ஆர். படமோ சிவாஜி படமோ. மூணாவதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. வாடகைக்கே போகாத கேசட்டுகளில் ஒன்றைக் கடைக்காரர் சேர்த்து அனுப்புவார்.

மூணாவது கேசட் போடும்போது விடியற்காலை மூன்று மணி ஆகியிருக்கும். பெரியவர்கள் எல்லாம் பாயில் சாய்ந்திருப்பார்கள். டெக்கைப் பார்த்துக்கொள்ள வந்த பையனும் கயிற்றுக்கட்டிலில் தூங்கிவிடுவான். முழித்திருப்பது நாங்கள் மட்டும்தான், அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள், தெருப் பசங்கள். அந்த நேரத்தில் பார்த்ததெல்லாம் தெலுங்கிலிருந்து டப் செய்த மாயாஜாலப் படம், நாகம்மா படம், வெள்ளைப் புடவைப் பேய்ப் படம், வேறெங்கோ எடுத்த சிங்கத்தை நடுநடுவே ஒட்டிய காட்டுப் படம். உதடு ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். "சும்மா இருங்கடா, தூங்கவிடுங்கடா" என்று சித்தப்பா அதட்டும்வரை நாங்களே வசனம் பேசுவோம். கதை பிடிபடாத இடத்தில் ஆளுக்கொரு கதை சொல்வோம். நல்ல படத்தில் அதற்கு இடமே கிடையாது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

கேசட்டுகள் கிடைத்தது அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்கு டெக்கு அனுப்பிய அண்ணனிடம். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, பாதிக்குமேல கஜாவுல போச்சு. தகரம் பறந்து ராத்திரி பூரா மழைத்தண்ணி எறங்குச்சு. மிச்சம் சாக்குல கெடக்கு, எடுத்துக்க" என்றார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த புயல் அது. மன்னார்குடிப் பக்கம் அது விழுத்திப்போட்ட தென்னைகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கேசட் போனதை இவர் ஒருவர்தான் சொன்னார்.

சாக்கைப் பிரித்துப் பார்த்தால் பூஞ்சை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வருடக்கணக்காகக் கிடந்த டேப்பில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சுற்றிய டேப்பின் விளிம்பில் சாம்பல் பூத்ததுபோல வெள்ளை வளையம் தெரிந்தால் அதை அப்படியே டெக்கில் போடக் கூடாது. ஒரு கேசட்டின் பூஞ்சை டெக்குக்குள் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுகளுக்கெல்லாம் போகும். நான் சுத்தமானவை, சந்தேகமானவை, பூத்தவை என்று பிரித்தேன். சுத்தமானவற்றைக்கூட முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன். பல வருடம் அசையாமல் இருந்த டேப் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இப்படிச் சுற்றினால் இளகி, சீரான இழுப்புக்கு வரும்.

டெக்கு கிடைப்பதுதான் பெரும்பாடு. ஜப்பானின் ஜேவிசி 1976-இல் கொண்டுவந்த வி.எச்.எஸ். முறை அது. கடைசிவரை டெக்கு செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. இனிமேல் பழையதைச் சரிசெய்துதான் ஓட்ட வேண்டும். தஞ்சாவூரில் வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவர் தன்னிடம் கிடந்ததை எடுத்துக் கொடுத்து, ரப்பர் பெல்ட்டுகளையும் மாற்றித் தந்தார். டேப்பில் பதிந்திருப்பதைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். ஹெட் இருக்கும் உருளை நொடிக்கு இருபத்தைந்து சுற்று சுற்றுவது. பஞ்சு வைத்தால் நூல் சிக்கும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். வெள்ளைத்தாளைச் சின்னதாக மடித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்து உருளைமேல் மெல்ல வைத்துக்கொண்டு, உருளையை மட்டும் கையால் திருப்ப வேண்டும். அந்தக் காலத்தில் டெக்குப் பையன்கள் புது ரூபாய் நோட்டை வைத்துத் தேய்ப்பார்கள். அவரிடம் அதைச் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டார்.

கணினிக்குக் கொண்டுபோவது கஷ்டமில்லை. மஞ்சள் வயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மூன்றையும் யூஎஸ்பி கேப்சர் கருவியில் செருகினால் போதும். ஆனால் நேராகச் செருகியபோது படத்தின் மேல்பகுதி கொடிபோல் வளைந்தது, சில இடங்களில் பதிவே அறுந்தது. நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வைத்து, அதன் வழியாகச் செலுத்திய பிறகு கோடுகள் நேரானது. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது, சில மாடல்கள்தான் செய்யும். நான் முதலில் தரம் துளியும் குறையாத வகையில் மட்டும் சுருக்கி, 720-க்கு 576 அளவில் பதிவுசெய்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபி போலப் பிடிக்கிறது. ஹார்டு டிஸ்க் செலவுதான், ஆனால் டேப் இன்னொரு முறை ஓடுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லாதபோது முதல் பதிவில் கஞ்சத்தனம் கூடாது. பார்ப்பதற்குத் தனியாக ஒரு சின்னப் பிரதி எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். சினிமா நொடிக்கு 24 படம். நம் ஊர் டி.வி. முறையோ 25. படத்தைக் கேசட்டுக்கு மாற்றும்போது அப்படியே 25-இல் ஓட்டிவிடுவார்கள். அதனால் இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் லேசாக உச்சத்தில் இருக்கும். பார்க்கும் பிரதியில் வேகத்தைப் பழையபடி 24-க்குக் குறைத்தேன். நாகம்மா படத்தில் அம்மன் பேசும் குரல் கனத்து இறங்கியது. படம் எடுத்தவர்கள் கேட்ட குரல் அதுதான் என்று நினைக்கும்போது மனசு நிறைந்துபோனது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்ப்பது. சின்ன வயதில் எங்களை வாய்பிளக்க வைத்த மாயாஜாலங்களை இப்போது நிறுத்திவைத்துப் பார்க்க முடிகிறது. மந்திரவாதி கையை உயர்த்துகிறான், இளவரசி மறைகிறாள். முன் ஃபிரேமில் இருக்கிறாள், அடுத்ததில் இல்லை. கேமராவை நிறுத்தி, அவரைப் போகச் சொல்லிவிட்டு, மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். பிரான்ஸில் ஜார்ஜ் மெலியே 1896-லேயே செய்த தந்திரம். ஆனால் அந்த இரண்டு ஃபிரேமுக்கு நடுவே பின்னாலிருக்கும் மரத்தின் நிழல் ஒரு சாண் நகர்ந்திருக்கிறது. இந்த இடைவெளியில் எவ்வளவு நேரம் போயிருக்க வேண்டும்! மந்திரவாதி வேஷம் போட்டவர் அத்தனை நேரமும் கையை இறக்காமல் நின்றிருக்கிறார். விரல் ஒன்றுகூடப் பிசகவில்லை.

வீரன் தரையிலிருந்து மரக்கிளைக்குத் தாவும் காட்சி இன்னொன்று. ஓரத்தில் தூபம் புகைகிறது. ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தால் புகை சட்டிக்குள்ளே போகிறது. கிளையிலிருந்து குதித்ததை எடுத்து, பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். நள்ளிரவுச் சுடுகாட்டில் எல்லோருக்கும் காலடியில் கறுப்பாக நிழல். உச்சி வெயிலில் எடுத்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்து நீலமாக்கிய இரவு அது. பேய் ஒரே ஃபிலிமில் இருமுறை பதிந்தது, அதனால்தான் அதன் வயிற்றுக்குள் ஜன்னல் தெரிகிறது. இந்த வித்தைகளிலேயே வாழ்ந்தவர் தெலுங்கின் விட்டலாச்சார்யா. 1999-இல் காலமானார். அவர் படங்கள் தமிழில் எத்தனை கொட்டகைகளுக்குச் சோறு போட்டிருக்கின்றன! நடிகர் சம்பளத் தகராறு செய்தால் அந்தப் பாத்திரத்தைக் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிக் கதையை முடித்துவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இராம. நாராயணனும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர், பாம்பையும் குரங்கையும் யானையையும் நடிக்க வைத்தவர். இவர்கள் படங்கள் பாடாவதி இல்லை, ஓடிய படங்கள். மூணாவது கேசட்டில் வந்தவை பெரும்பாலும் இவர்களைப் பார்த்துக் குறைந்த காசில் செய்தவை. கதை மோசம், சண்டை மோசம். அந்தத் தீர்ப்பை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கையை உயர்த்திக்கொண்டு நின்ற அந்த மனிதரின் பெயர் டைட்டிலில்கூட இல்லை. படமும் போய்விட்டால் அவர் நின்றதற்குச் சாட்சியே கிடையாது.

கேசட்டுக்கே உரிய சில சங்கதிகளும் உண்டு. சினிமாஸ்கோப் படத்தை டி.வி. சதுரத்துக்குள் அடக்க இரண்டு பக்கமும் வெட்டியிருப்பார்கள். பல இடங்களில் இரண்டு மூக்கு மட்டும் பேசிக்கொள்ளும். அதற்குக் கீழே விளம்பரம் ஓடும். கும்பகோணம் பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, ஐந்து இலக்கத் தொலைபேசி எண்கள். அதையெல்லாம் வெட்டிவிடச் சொன்னார் ஒரு நண்பர். நான் மாட்டேன். அந்தக் கடைகளில் பாதி இப்போது இல்லை.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருந்தபோது களத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, புரொஜெக்டரில் நாகம்மா படத்தைப் போட்டேன். அத்தைக்கு இந்தப் படம் ஞாபகமே இல்லை. "நான் எங்கடா பாத்தேன், தூங்கிருப்பேன்" என்றார். பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. இளவரசி மறைந்ததும் "பெரியப்பா, திரும்பப் போடுங்க" என்றார்கள். நிறுத்தி நிறுத்திக் காட்டி விளக்கினேன். மறுநாள் காலையில் செங்கல் அடுக்கி, அதன்மேல் போனை நிறுத்தி, வைக்கோல் போர் முன்னால் ஒருவரையொருவர் மறைய வைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மந்திரவாதி. கை வலிக்கிறது என்று அழுதாலும் இறக்கவில்லை. அவர்கள் எடுத்ததையும் அதே ஹார்டு டிஸ்க்கில் சேர்த்துவைத்தேன்.

இனி பாக்கி. காட்டுப் படத்தின் கேசட் பாதியில் அறுந்திருக்கிறது. அடியில் உள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றி, டேப்பை வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றி, அறுந்த இடத்தை அதற்கென்றே உள்ள ஒட்டுநாடாவால் பின்பக்கத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். சாதாரண செலோடேப் பசை கசிந்து ஹெட்டைக் கெடுத்துவிடும். ஒட்டுநாடாவுக்குச் சொல்லியிருக்கிறேன். பூத்த கேசட்டுகளைத் தனி டெக்கில்தான் தொட வேண்டும், அதற்கு இன்னொரு டெக்கு தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய டெக்குக் கடைக்காரர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், கேசட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முழுதாகச் சுற்றி, புத்தகம்போல் நிமிர்த்தி, ஈரம் படாத அலமாரியில் வைத்தால் இன்னும் சில வருடம் தாங்கும்.