மூன்றா, நான்கா

"சப்போர்ட் லாகினுக்கும் எம்எஃப்ஏ இருக்குதானே?"

"அது எல்லாருக்கும் பொதுவான லாகின் சார். ஓடிபி யார் போனுக்குப் போகும்?"

நான் கேட்டதற்கு, சம்பளக் கணக்கு போட்டுத் தரும் வெண்டரின் ஆள் இப்படிச் சொன்னார். இப்படிப்பட்ட வெளி நிறுவனங்களின் பாதுகாப்பைச் சோதிப்பது என் வேலை. எம்எஃப்ஏ என்பது பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பையும் கேட்பது. கேள்விப் பட்டியலில் "அட்மின் அணுகல் அனைத்துக்கும் எம்எஃப்ஏ உண்டா?" என்ற வரிக்கு 'ஆம்' என்று ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தார்கள். அது பொய்யென்றும் சொல்ல முடியாது. அட்மின் லாகின்களுக்கு எம்எஃப்ஏ இருந்தது; சப்போர்ட் லாகினை அவர்கள் அட்மின் என்று எண்ணவே இல்லை. ஆனால் அந்த லாகினில் நுழைந்தால் எந்த கிளையண்டின் சம்பளப் பட்டியலையும் திறக்கலாம், ஊழியரின் வங்கிக் கணக்கு எண்ணைக்கூட மாற்றலாம். மூன்று ஷிஃப்ட், ஆறு பேர், ஒரே பாஸ்வேர்டு.

நான் துருவாமல் இருந்திருந்தால் 'ஆம்' என்பது 'ஆம்' என்றே போயிருக்கும். மற்ற வெண்டர்களின் தாள்களில் எத்தனை 'ஆம்' அப்படிப் போயிருக்கின்றன என்பது வேறு கதை.

ரிஸ்க்கை மதிப்பிட எங்களிடமும் இருப்பது வழக்கமான ஐந்துக்கு ஐந்து கட்டம்தான். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு, இரண்டையும் பெருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஹை. சிஸோ (தகவல் பாதுகாப்புத் தலைவர்) கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. அதற்குக் கீழே என்றால் மீடியம். எச்ஆர் தலைவரே ரிஸ்க்கை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடலாம். பாதிப்புக்கு 4 போட்டேன். வாய்ப்புக்கும் முதலில் 4 போட்டேன்: 16. பிறகு அதை அழித்து 3 ஆக்கினேன்: 12. ஒற்றை இலக்கம் மாறியதில் யார் கையெழுத்து என்பதே மாறிவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை கோ-லைவ், வெண்டரின் சிஸ்டம் பயன்பாட்டுக்கு வரும் நாள்.

அவசரத்துக்காகத்தான் மாற்றினேன் என்று ஒப்புக்கொண்டால் மனது லேசாகிவிடும். ஆனால் அது முழு உண்மையும் இல்லை. பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுதினேன்: "ஐபி கட்டுப்பாடு உண்டு, பாஸ்வேர்டு வால்ட்டில் உள்ளது." வால்ட் என்பது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் மென்பொருள். இரண்டையும் ஸ்கிரீன் ஷேரில் கண்ணால் பார்த்தேன். வெளியிலிருந்து யாரும் அந்த லாகின் பக்கத்தைத் தொட முடியாது. அவர்களுடைய அலுவலக நெட்வொர்க்கின் வாசலான விபிஎன் கேட்வே வழியாக வந்தால்தான் திறக்கும். அந்த அளவில் 3 என்பது தப்பான எண் இல்லை.

கேட்காமல் விட்ட கேள்விகள்தான் இப்போது வரிசையாக வருகின்றன. அந்த விபிஎன்னுக்கு இரண்டாவது சரிபார்ப்பு உண்டா? வீட்டிலிருந்து வேலை செய்பவரும் அதே கேட்வே வழியாகத்தானே வருவார்? வால்ட் பாஸ்வேர்டைத் தானாக நிரப்பிவிடுகிறதா, இல்லை ஆறு பேருக்கும் எழுத்தாகக் காட்டுகிறதா? எழுத்தாகக் காட்டினால், ஆறு பேரில் ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்று பாஸ்வேர்டை மாற்றுகிறார்களா? எம்எஃப்ஏவைவிட இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். அன்று அது நினைவுக்கே வரவில்லை.

"சாக் 2 ரிப்போர்ட்ல எல்லாம் சுத்தமா இருக்கே" என்றார் எச்ஆர் தரப்பில் பேசியவர். இருந்தது. சாக் 2 என்பது வெண்டரின் பாதுகாப்பை வெளி ஆடிட்டர் சோதித்து எழுதும் ரிப்போர்ட். இது டைப் 2, அதாவது கண்ட்ரோல்கள் (பாதுகாப்பு ஏற்பாடுகள்) ஒரு காலம் முழுக்க வேலை செய்தனவா என்று பார்ப்பது; இதில் பன்னிரண்டு மாதக் காலம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ரிப்போர்ட் வந்ததும் ஆடிட்டரின் கருத்துப் பக்கத்தைப் பார்த்து, 'அன்குவாலிஃபைடு' (ஆட்சேபம் இல்லை) என்றிருந்தால் மூடி வைத்துவிடுகிறோம். திறக்க வேண்டியது நான்காவது பிரிவு. ஒவ்வொரு கண்ட்ரோலையும் எப்படிச் சோதித்தார்கள், எங்கே விலகல் கண்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். "வேலையை விட்டவர்களின் அணுகல் உரிய காலத்தில் நீக்கப்பட்டதா" என்று சோதிப்பவர், விலகியவர்களின் பட்டியலை வாங்கி அதிலிருந்து சிலரைப் பொறுக்கி எடுத்து, அவரவர் லாகின் எப்போது முடக்கப்பட்டது என்று பார்ப்பார். யார் பெயரிலும் இல்லாத லாகின் அந்தப் பட்டியலுக்குள் வரவே வராது. கண்ட்ரோல் தேறிவிடும், ஓட்டை அப்படியே இருக்கும். ஆடிட்டர் மீது தப்பில்லை. கொடுத்த பட்டியலில்தான் அவர் பொறுக்க முடியும்.

அதோடு பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ரிப்போர்ட்டில் உள்ள ப்ராடக்ட் பெயர் நாம் வாங்கும் ப்ராடக்ட்தானா? காலம் முடிந்து எத்தனை மாதம் ஆகிறது? இடைவெளியை நிரப்ப 'பிரிட்ஜ் லெட்டர்' கொடுப்பார்கள். அது வெண்டரே தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் கடிதம், ஆடிட்டர் எழுதுவதில்லை. வெண்டர் பயன்படுத்தும் கிளவுட் நிறுவனம் 'கார்வ்-அவுட்' என்று சோதனைக்கு வெளியே விடப்பட்டிருக்கிறதா? "இவற்றை வாடிக்கையாளர் செய்திருக்க வேண்டும்" என்று ஒரு பட்டியலும் இருக்கும். அதை வாங்கும் தரப்பில் யாரும் படிப்பதில்லை, படித்தால் பாதி வேலை நம் தலையில் விழும். வெளியிலிருந்து ஸ்கேன் செய்து கிரேடு போடும் சேவைகளும் உண்டு. திறந்து கிடக்கும் போர்ட், காலாவதியான சர்டிஃபிகேட், மின்னஞ்சல் அமைப்பு எல்லாம் அவற்றுக்குத் தெரியும். ஆறு பேர் ஒரே பாஸ்வேர்டில் நுழைவது தெரியாது.

சின்ன வெண்டர் என்பதால்தான் இப்படி என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. அடையாளச் சரிபார்ப்பையே தொழிலாக வைத்திருக்கும் ஓக்டாவில் 2023 செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நடந்த ஊடுருவலும் சப்போர்ட் சிஸ்டத்தில்தான். அங்கும் ஒரு சர்வீஸ் அக்கவுண்ட், தனி மனிதர் பெயரில் இல்லாத கணக்கு. அதன் பாஸ்வேர்டு ஊழியர் ஒருவரின் சொந்த கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது; அலுவலக லேப்டாப்பின் குரோமில் அவர் தன் சொந்தக் கணக்கில் உள்நுழைந்திருந்தார். பிரச்சினையைக் காட்ட வாடிக்கையாளர்கள் அனுப்பியிருந்த ஹார் ஃபைல்களுக்குள் (பிரௌசரின் போக்குவரத்துப் பதிவு) உயிரோடிருந்த செஷன் டோக்கன்கள், அதாவது பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடும் சாவிகள், கிடைத்தன. சந்தேகத்தை முதலில் எழுப்பியவர்கள் வாடிக்கையாளர்களான ஒன்பாஸ்வேர்டும் பியாண்ட்டிரஸ்ட்டும்தான். ஓக்டா 14 நாள் தேடியும் பதிவுகளில் எதுவும் தட்டுப்படவில்லை. கேஸுக்குள் போய் ஃபைலைத் திறந்தால் ஒரு வகைப் பதிவு, 'ஃபைல்ஸ்' டேபுக்கு நேராகப் போய்த் திறந்தால் இன்னொரு வகை. அவர்கள் முதல் வகையை மட்டுமே தேடிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 13 அன்று பியாண்ட்டிரஸ்ட் ஓர் ஐபி முகவரியைக் கொடுத்த பிறகுதான் பிடி கிடைத்தது.

அதைவிட என்னை உறுத்துவது அதன் வால். அந்தச் சம்பவத்தில் பாதிக்கப்பட்ட கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் ஆயிரக்கணக்கான கிரெடென்ஷியல்களை (பாஸ்வேர்டு, டோக்கன் போன்றவை) மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சர்வீஸ் டோக்கனும் மூன்று சர்வீஸ் அக்கவுண்டுகளும் விட்டுப்போயின. யாரும் பயன்படுத்தவில்லை என்று தவறாக நினைத்துவிட்டார்கள். அந்த நான்கின் வழியாகத்தான் நவம்பரில் அவர்களுடைய உள் விக்கி வரைக்கும், சோர்ஸ் கோடு வரைக்கும் ஆள் நுழைந்தான். இவ்வளவையும் அவர்களே வெளியிட்ட அறிக்கையில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். இவர்களுக்கே இந்த நிலை என்றால் 'ஆம்', 'இல்லை' வாங்கி என்ன சாதிக்கிறோம் என்று தோன்றும். மறுநாளே தோன்றும்: கேள்வி கேட்டதால்தானே அந்தப் பொது லாகின் தெரியவந்தது?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 3 போட்ட கையோடு நாங்கள் சும்மா இருக்கவில்லை. தினமும் இரவு எங்களிடமிருந்து வெண்டருக்கு எஸ்எஃப்டிபியில் (ஃபைலைப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) போகும் ஃபைலைத் திறந்து பார்த்தால், சம்பளக் கணக்குக்கு வேண்டாத பத்திகள் இருந்தன: வீட்டு முகவரி, அவசரத் தொடர்பு எண், துணைவர் பெயர். யாரோ எப்போதோ முழு டேபிளையும் அப்படியே ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். அவற்றை வெட்டினோம். வங்கிக் கணக்கு எண் மாறினால் ஊழியருக்கு எங்கள் பக்கத்திலிருந்தே ஓர் எஸ்எம்எஸ் போகும்படி செய்தோம். அவர்கள் மென்பொருள் எங்கள் சிஸ்டத்தோடு பேசக் கொடுத்த சாவியான ஏபிஐ கீயை யார், எங்கே, எத்தனை நிமிடத்தில் ரத்து செய்ய முடியும் என்று ஒரு முறை செய்தே பார்த்தோம். ரத்து செய்யத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அன்று அவர் விடுப்பில். ஒப்பந்தத்தில் "சம்பவம் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிப்போம்" என்று ஐரோப்பிய டெம்ப்ளேட்டிலிருந்து வந்த வரி அப்படியே கிடந்தது. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவுப்படி இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். நம் கெடிகாரம் நமக்குத் தெரியவந்த நேரத்திலிருந்துதான் ஓடும் என்றாலும், மூன்று நாள் கழித்துத் தெரிந்து என்ன பிரயோஜனம்? 4 மணி நேரம் என்று மாற்றக் கேட்டோம். இழுபறிக்குப் பிறகு 24-இல் நின்றது.

இதெல்லாம் பாதிப்பைக் குறைத்த வேலைகள். அப்படிப் பார்த்தால் 4-லிருந்து 3-க்கு இறக்க வேண்டியது பாதிப்பைத்தான், வாய்ப்பு 4-ஆகவே நின்றிருக்க வேண்டும். பெருக்கினால் அதே 12. சரியான விடை, தப்பான வழி. பள்ளியில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால் இந்த வேலைகள் எல்லாம் முடிந்தது கோ-லைவுக்குப் பிறகு. கையெழுத்து விழுந்த நேரத்தில் அது 16.

சரிசெய்ய 90 நாள் கேட்டார்கள். ஆறு பேருக்கும் தனி லாகின், டிக்கெட் எண் கொடுத்தால் மட்டும் இரண்டு மணி நேரத்துக்குத் திறக்கும் அணுகல். அவர்கள் ப்ராடக்டில் சப்போர்ட் ரோலுக்கு ஒரே ஒரு பயனர்தான் இருக்க முடியும் என்று கோடிலேயே இருந்ததாம், அதை மாற்ற வேண்டும். 90 நாள் முடிந்ததும் நீட்டிப்பு கேட்டு மெயில் வந்தது. கொடுத்தேன். அடுத்த நீட்டிப்பையும் கொடுத்தேன். கடைசியில் ஆறு பெயர்கள் தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஒன்று வந்தது. பழைய பொது லாகின் முடக்கப்பட்டதா என்பது அதில் இல்லை. கேட்டதற்கு "முடக்கியாச்சு சார்" என்று பதில் வந்தது. ரிஸ்க்கை மூடினேன்.

நடுவில் எதுவும் நடக்கவில்லை. சம்பளம் மாதாமாதம் சரியாகப் போனது. அதனால் 3 சரி என்றும் ஆகாது.

மறு வருடம் கேள்விப் பட்டியலில் ஒரு வரியை நானே புதிதாகச் சேர்த்திருந்தேன்: "பலர் பகிர்ந்துகொள்ளும் லாகின் ஏதேனும் உண்டா?" அதே வெண்டரிடமிருந்து பதில் வந்தது: 'இல்லை'. எல்லா வரியிலும் எதிர்பார்த்த பதில்தான், ஒரு விளக்கக் குறிப்புகூட இல்லை. நிரப்பியவர் அதே ஆள். உண்மையிலேயே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாரா, அல்லது போன முறை உள்ளதைச் சொல்லப்போய் ஒன்பது மாதம் பட்ட பாட்டில் எப்படி நிரப்ப வேண்டும் என்று கற்றுக்கொண்டாரா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஷீட் அந்த வரிக்குத் தானாகவே பச்சை அடித்திருந்தது. போன் போட்டுக் கேட்கலாம் என்று எண்ணை எடுத்தேன். அன்று முடிக்க வேண்டிய வெண்டர்கள் இன்னும் பதினொன்று இருந்தன.