சம்மட்டி எடுப்பதற்கு முன்பே தொடங்கும் கழிவு வேலை

சிறிய ஒப்பந்தக்காரர்கள் போடும் எஸ்டிமேட்டில் சிமென்ட், கம்பி, மணல், கூலி எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். கட்டடக் கழிவை அகற்றும் செலவு மட்டும் ‘இதரச் செலவு’க்குள் ஒளிந்துகொள்ளும். வேலை முடிகிற நேரத்தில் பணமும் பொறுமையும் குறைந்துபோயிருக்க, அந்தக் குவியல் நீர்நிலைக்கோ காலி மனைக்கோ போய்விடுகிறது. முதலிலேயே அளவோடு தனி வரி எழுதுவதுதான் இதற்கு மருந்து.

கணக்கு எளிது. 10 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குலக் கனமுள்ள செங்கல் சுவர் 75 கன அடி. இடித்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகி 110 கன அடியைத் தொடும். எடை சுமார் 4 டன். வண்டியில் இடம் இருக்கிறதே என்று விளிம்புவரை ஏற்றக் கூடாது. இடம் நிரம்பும் முன்பே எடை வரம்பைத் தாண்டிவிடும்.

கழிவைக் கழிவாக்குவது கலப்புதான். சுத்தமான செங்கல், கான்கிரீட் துண்டுகளைக் கை அளவுக்கு உடைத்து, 6 அங்குல அடுக்குகளாகப் போட்டு, மேலே மணல் தூவி, அது இடைவெளியில் இறங்கும்படி தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினால் தரைக்கு அடியில் நல்ல நிரப்பு. அதே குவியலில் சென்ட்ரிங் (கான்கிரீட் வார்க்க அடைக்கும்) பலகைத் துண்டு இருந்தால் கறையான் ஏறும். மரம் மக்கியதும் தரை இறங்கி டைல்ஸ் விரிசல் விடும். சிமென்ட் பை சுருண்டு கிடந்தால் அதற்குள் வெற்றிடம் நிற்கும். பால்ஸ் சீலிங்கில் வரும் ஜிப்சம் இருந்தால் அதன் சல்பேட் உப்பு ஈரத்தில் கரைந்து கான்கிரீட்டை அரிக்கும். இவற்றை யாரும் அன்றைக்குப் பார்க்க முடியாது. வீட்டுக்காரர் குடியேறிய பிறகுதான் தெரியவரும்.

எனவே கதவு, ஜன்னல், வயர், பைப், பால்ஸ் சீலிங் எல்லாவற்றையும் கழற்றி வெளியே கொண்டுபோன பிறகே சம்மட்டி. கழிவுக்கு நான்கு இடம் போதும்: கல்–கான்கிரீட், இரும்பு, மரம், மற்றவை. ஜிப்சம் மட்டும் நனையாமல் தார்ப்பாய்க்கு அடியில். பெயர்ப் பலகை வைப்பதைவிட, முதல் நாளே ஒவ்வொரு இடத்திலும் அந்தந்தப் பொருளை ஒரு சட்டி கொட்டி வையுங்கள். பின்னால் வருகிறவர்கள் பார்த்தே போடுவார்கள். வண்ண டப்பா, தின்னர் துணி இவற்றை மூடி போட்ட டிரம்மில் தனியாக வைக்க வேண்டும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவே கூடாது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். பயிற்சி பெற்றவர்களை வைத்து, நனைத்து, முழு ஷீட்டாகவே கழற்றி, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, அனுமதி பெற்ற இடத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டும்.

புது வேலையில் கழிவு உருவாவது வெட்டும் மேஜையில். 12 மீட்டர் கம்பியில் 3.1 மீட்டர் துண்டு மூன்று எடுத்தால் 2.7 மீட்டர் மிஞ்சும். அதே தளத்தில் 2.6 மீட்டர் தேவைப்படும் இடத்தையும் சேர்த்துப் பட்டியல் போட்டால் மிச்சம் வெறும் 10 சென்டிமீட்டர். பட்டியல் இல்லாமல் வெட்டினால் அந்த 2.7 மீட்டர் துண்டுகள் குவிந்து, பழைய இரும்பு விலைக்குப் போகும்.

பூச்சு வேலையில் சுவரடியில் சாக்கு விரியுங்கள். விழுகிற கலவையை, மண் ஒட்டாமலும் இறுகத் தொடங்காமலும் இருந்தால், உடனே எடுத்துப் பூசலாம். இறுகியதில் தண்ணீர் ஊற்றிப் பிசைவது மோசடிக்குச் சமம். அந்தப் பூச்சு பொரிந்து உதிரும்.

மிக்சர் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். கடுமையான காரத் தன்மை உள்ளது. தோலைப் புண்ணாக்கும், செடியைக் கருக்கும், வண்டல் குழாயில் இறுகும். டிரம்மில் ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை மறுநாள் கழுவப் பயன்படுத்தலாம். அடியில் படிந்ததைக் காயவைத்துக் கல் குவியலில் சேர்க்கலாம்.

கடைசியாக வண்டி. குறைந்த வாடகை கேட்பவர் எங்கே கொட்டுவார் என்பதை முதலில் கேட்க வேண்டும். கொட்டுமிடத்தின் எடைச் சீட்டில் தேதியும் வண்டி எண்ணும் பார்த்து, லோடு கணக்கோடு ஒத்துப்போன பிறகே வாடகையைக் கொடுங்கள்.